பீஸ் கட்டை அம்மாவிடம் இருக்கிறது

செல்வம், மல்லிகா,

அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கவும், காரைக்காலில் இருக்கும் உறவுகளுக்குத் தரவும் ஒரு சின்ன நினைவு மலர் போட வேண்டும் என்று மல்லிகாதான் முதலில் சொன்னாள். "அம்மாவைப் பத்தி நீங்களே எழுதுங்கப்பா. எங்களுக்கு நாங்க பொறந்த பிறகு உள்ள கதைதான் தெரியும்" என்றாள். நான் பள்ளியில் தமிழ் படித்தவன் அல்ல. சைகோன் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில், பூசை முடிந்த பிறகு என் தகப்பனார் தரையில் உட்கார வைத்து எழுதிக் காட்டிய எழுத்துதான் எனக்குத் தெரிந்த எழுத்து. பிழை இருந்தால் மல்லிகா திருத்தி அச்சுக்குக் கொடுப்பாள். செல்வத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவனுக்குத் தங்கை போனில் படித்துக் காட்டட்டும்.

செல்வம் இந்த ஒரு வருடமாக என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறான். "அப்பா, பின் சான் வீட்டை விட்டுட்டு எங்க ஃப்ளாட்டுக்கு எப்ப வரப்போறீங்க?" நான் ஒவ்வொரு தடவையும் "பாப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். அவனுக்கு அதில் வருத்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையிலேயே அந்தப் பதிலையும் எழுதிவிடுகிறேன். வாசிக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக் கடையின் பின்கட்டு அறையில். தாத்தா காரைக்காலிலிருந்து வந்து அந்தக் கடைக்குக் காவல் இருந்தவர். பாட்டி இந்த நாட்டவர், பின் சான் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மா தாத்தாவிடம் தமிழும் பாட்டியிடம் வியட்நாமியும் பேசி வளர்ந்தார். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அப்போது எதிரில் இருப்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் தப்ப முடியாது.

சைகோனில் ஆட்சி மாறியபோது அம்மா இன்னும் பாவாடைச் சிறுமிதான். கடை மூடப்பட்டது. முதலாளி ஊருக்குப் போய்விட்டார். தாத்தாவும் போயிருக்கலாம். அவருக்கு அனுமதி கிடைத்தது, பாட்டிக்கும் அம்மாவுக்கும் கிடைக்கவில்லை. "மூணு பேரும் போறதா இருந்தா போவோம், இல்லேன்னா மூணு பேரும் இருப்போம்" என்று சொல்லிவிட்டு, பாட்டியின் பங்குக்கு வந்த நிலத்தில் ஓலை வீடு கட்டிக்கொண்டார். நீங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த இடம் அதுதான்.

பின்னால் வாய்க்கால், முன்னால் மண் ரோடு, சுற்றிலும் தாழ்ந்த வயல். அந்தப் பக்கத்துத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருக்கும். பாத்திரத்தில் பிடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் தேநீர் நிறமாகிவிடும். துரு வாடை அடிக்கும். வெள்ளைத் துணி என்று ஒன்று நம் வீட்டில் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். பள்ளிச் சீருடையை மட்டும் அம்மா மழைத் தண்ணீரில் தனியாகத் துவைப்பார்.

தாத்தா சிமெண்ட் உறை இறக்கிக் கிணறு வெட்டினார். அந்தச் சமயம் சில வீடு தள்ளி ஒருவர் தன் கிணற்றில் தூர் வார இறங்கினார். மேலே நின்றவர், கீழே வேலை நடக்கிறது என்று நினைத்துச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. கிணற்றில் கெட்ட காற்று. அந்த மனிதரை மேலே தூக்கியபோது உயிர் இல்லை.

அன்றிலிருந்து தாத்தா வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கீழே இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். இறங்கியது முதல் ஏறும்வரை வாய் மூடாமல் பேச வேண்டும். மேலே இருப்பவர் பதில் பேச வேண்டும். கீழே பேச்சு நின்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, கயிற்றை இழுக்க வேண்டும். அம்மா தன் வாழ்நாள் முழுவதும் இதில் ஒரு எழுத்தையும் மாற்ற விடவில்லை.

எங்கள் கல்யாணம் கோயிலில் பேசி முடிக்கப்பட்டது. அப்போது சைகோனில் மிஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். எந்த ஊர், என்ன குலம் என்று பார்க்க ஆள் இல்லை. பெண்ணுக்குத் தமிழ் பேச வருமா என்று என் தாயார் கேட்டார்கள். பையன் பேசுவானா என்று அம்மாவின் பக்கம் கேட்டார்கள். "பேசத் தெரியும், ஆனா பேச மாட்டான்" என்று என் தகப்பனார் உண்மையைச் சொன்னார். அது பிற்பாடு அம்மா என்னைச் சொல்லிக்காட்டுவதற்கு வசதியாகப் போயிற்று. அம்மா ஒரே பிள்ளை என்பதால் நான் பின் சான் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அந்த முதல் கோடையில் கிணற்றைத் தூர் வார நான் இறங்கினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா மேலே நின்றார். அதுவரை நாங்கள் இருவரும் சாப்பாட்டைப் பற்றியும் வேலைக்குப் போகும் நேரத்தைப் பற்றியும் தவிர ஒன்றும் பேசியதில்லை.

"பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது பேசுங்க. சத்தம் வந்துக்கிட்டே இருக்கணும்."

தினமும் போய்வரும் பஸ் நிற்கும் இடங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். "பின் சான். அன் லாக். ஃபூ லாம். சோ லோன். பென் தான்."

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"அங்கேயே நிக்காதீங்க. திரும்பி வர்ற பஸ்ஸைப் பிடிங்க."

அன்று சேறு முழுவதையும் அள்ளி முடிக்கும்வரை நான் பஸ்ஸில் போய் வந்துகொண்டே இருந்தேன். மேலே வந்ததும் அம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டு, "இத்தனை தடவை பென் தானுக்குப் போனீங்களே, எனக்கு ஒரு துண்டுத் துணி வாங்கிட்டு வரத் தோணுச்சா?" என்றார். அன்றுதான் நான் அவர் எதிரில் முதல் தடவையாகச் சிரித்தேன் என்று அம்மா பலரிடம் சொல்லியிருக்கிறார்.

கரண்ட் வந்த பிறகு கிணற்றுக்கு ஒரு பழைய மோட்டார் வாங்கிப் போட்டோம். கொஞ்ச நாள் ஓடாமல் இருந்தால் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். மேல் மூடியைத் திருகித் திறந்து, செம்புச் செம்பாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் இழுக்கும். அதை அம்மாதான் செய்வார். ஊற்றும்போது பக்கத்து வீட்டு ஹை அக்காவுக்குக் கேட்கும்படி, "இதுவும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். வாயில ஊத்தி ஊத்தி நிரப்பினாத்தான் கொஞ்சம் வெளியே வரும்" என்று வியட்நாமியில் சொல்வார். ஹை அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் டான் சோன் நாட் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கிவிட்டுக் களைத்து வந்து இதையும் கேட்டுக்கொள்வேன்.

ஒருநாள் தாத்தா மோட்டாரைப் பிரித்து உள்ளே கையை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி, விளக்குச் சுவிட்ச் என்று நினைத்து மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டார். தாத்தாவின் விரல் நுனி போயிற்று. அந்த வாரமே அம்மா சட்டத்தில் இன்னொன்றைச் சேர்த்தார். மோட்டாரிலோ கிணற்றிலோ கை வைப்பவர் முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பீங்கானில், நடுவே மெல்லிய கம்பி கட்டிய அந்தப் பழைய கட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் சுவிட்சை யார் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பவரிடம்தான் அது இருக்க வேண்டும். மேலே இருப்பவரிடம் கொடுக்கக் கூடாது, புருஷனாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

பிறகு ரோடு வந்தது. மண் ரோட்டின் மேல் கல்லைக் கொட்டி, தாரைப் போட்டு, சில வருடம் கழித்து அதன் மேல் இன்னொரு தடவை போட்டு, ரோடு உயர்ந்துகொண்டே போயிற்று. கையில் காசு இருந்தவர்கள் தரையை உயர்த்திக்கொண்டார்கள். நம் வீடு இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிவிட்டது. வாசலில் இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள், பிறகு இரண்டு படி இறங்கிப் போனோம். மழைத் தண்ணீர் ரோட்டிலிருந்து முன்பக்கமாக வரும். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறினால் வாய்க்கால் பொங்கிப் பின்பக்கமாக வரும். நடுவில் நாம்.

ஓலையை எடுத்து ஓடு போட்டிருந்தோம். தரையை உயர்த்தக் கட்டுப்படியாகவில்லை. கொல்லை மூலையில் ஒரு குழி வெட்டி, சேரும் தண்ணீரை இன்னொரு மோட்டார் வைத்து வாய்க்காலுக்குத் தள்ளுவது என்று முடிவு செய்தோம். ரோடு போட்டவர்களிடமே உடையாமல் மிஞ்சிய இரண்டு சிமெண்ட் உறையைக் கேட்டு வாங்கி இறக்கினோம். இறக்கி, சுற்றி மண்ணை மூடி, மிதித்துக் கெட்டியாக்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான் அதற்குள் நுழைய முடியாது. மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற தோள். ஒரு தோள் உள்ளே போனால் இன்னொன்று வெளியே நிற்கும்.

ஹை அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "தைக்கிறதுக்கு முன்னாடி அளவு எடுக்கணும்" என்றார். துணிக் கடையில் பிறந்த அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. உள்ளே போனார். இரண்டு பை வைத்த வியட்நாம் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பீஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டு, அதைத் தட்டிக் காட்டி, "கட்டை என்கிட்ட இருக்கு. இனி எந்த ராசா வந்தாலும் கரண்ட் போட முடியாது" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அன்றிலிருந்து கிணறு என் பொறுப்பு, குழி அம்மாவின் பொறுப்பு.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான். எல்லா வீட்டிலும் புருஷனும் பெண்சாதியும் எப்போதாவது உட்கார்ந்து பேசுவார்கள். நாங்கள் பேசியதெல்லாம் அந்தக் குழியின் வாயில்தான். அம்மா கீழே சேற்றை அள்ளிச் சட்டியில் போட்டுக் கொடுத்தபடி பேசுவார். நான் சட்டியை வாங்கிக் கவிழ்த்தபடி பதில் சொல்வேன். முகம் தெரியாது, தலையில் கட்டிய துண்டு மட்டும் தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் அம்மா அங்கிருந்துதான் சொன்னார்.

மல்லிகா, நீ வரப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

"அடுத்த தடவை நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று குரல் வந்தது.

"ஏன், மூட்டு வலிக்குதா?"

"வலி இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல நான் இந்த உறைக்குள்ள நுழைய மாட்டேன்."

"நல்லாத்தானே நுழையுற."

"ட்ரோய் ஓய், சாமி, இந்த மனுஷனுக்கு எப்படிப் புரிய வைக்கிறது. செல்வத்துக்குத் தொணை வருதுங்க."

நான் சட்டியைக் கீழே போட்டுவிட்டேன். சேறு முழுவதும் அம்மாவின் தலையில். மேலே வந்த பிறகு அரை நாள் திட்டு வாங்கினேன்.

காரைக்காலைப் பற்றியும் குழியிலிருந்துதான் பேசுவார். நாங்கள் இருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. தாத்தா சொன்னதை வைத்துக்கொண்டு அம்மா தெருத் தெருவாகப் போய் வருவார். "அங்க கடல் எந்தப் பக்கங்க?" என்று ஒருநாள் கேட்டார். கிழக்குப் பக்கம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பேச்சு நிற்கக் கூடாது என்பதால் யோசிப்பதையும் சத்தமாகவே யோசித்துவிட்டு, "அப்ப அங்க கரையில நின்னு பாத்தா நாம நேர் எதிர்லதான் இருக்கோம். யாராவது நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார். மல்லிகா கல்யாணமாகி அந்த ஊருக்கே போனபோது அம்மா அழாமல் அனுப்பியதன் காரணம் இதுதான். கரையில் நின்று பார்க்க ஒரு ஆள் ஆயிற்று.

சேறு அள்ளி முடித்ததும் அம்மா மேலே ஏறிக் குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து துணியால் பல தடவை துடைத்துவிட்டு என்னிடம் கொடுப்பார். சுவிட்ச் அடுப்படிச் சுவரில். அங்கிருந்து குழி தெரியாது. நான் கட்டையைச் செருகிவிட்டு, "போடவா?" என்று கேட்க வேண்டும். அம்மா குழிக்குள் குனிந்து எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு "போடு" என்பார். எனக்கு எப்போதும் "வாங்க, போங்க" என்று மரியாதை கொடுத்தவர், அந்த ஒரு இடத்தில் மட்டும் "போடு" என்பார். அது எனக்குச் சொல்லும் வார்த்தை இல்லை, கரண்டுக்குச் சொல்லும் வார்த்தை என்று விளக்கம் வேறு. "போடு" வராமல் போட்டதே இல்லை.

அம்மாவின் குணங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று மல்லிகா சொன்னாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போக ஆசை. அன்றைக்கு வியட்நாம் ஜனங்களும் கூட்டம் கூட்டமாக வந்து ஊதுவத்தி ஏற்றுவார்கள், மாரியம்மன் சன்னதியே புகையாக இருக்கும். ஆனால் மழைக்காலத்துப் பௌர்ணமி என்றால் நம் வீட்டுக் கொல்லைக்கும் தண்ணீர் வரும். "அங்க ஆத்தா கூப்பிடுறா, இங்க தண்ணி கூப்பிடுது. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, தண்ணி உள்ள வந்துரும்" என்று சொல்லிவிட்டுக் குழிப் பக்கம் போய்விடுவார்.

செல்வம் சம்பாதிக்க ஆரம்பித்ததும், தண்ணீருக்குள்ளேயே கிடந்து, மிதவை உயர்ந்தால் தானாக ஓடும் புது மோட்டார் ஒன்றை வாங்கிப் போட்டான். புதுச் சுவிட்சும் வைத்தான். பழைய பீஸ் கட்டையை எடுக்க அம்மா விடவில்லை. "சுவிட்சை யார் வேணும்னாலும் போடலாம். கட்டையைப் போட என்னைக் கேக்கணும்" என்றார். அடுத்த பௌர்ணமிக்கு இருவரும் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது மிதவையில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, மோட்டார் ஓடாமல், அடுப்படி வரை தண்ணீர். செல்வத்திடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். "ஆத்தாவை நல்லாப் பாத்துட்டேன். தொடைக்கிறது நாம எப்பவும் செய்யறதுதானே" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். செல்வம், நீ வாங்கிக் கொடுத்த மோட்டாரால்தான் உன் அம்மா பௌர்ணமிக்கு ஆத்தாவைப் பார்த்தார். அதை மட்டும் நினைத்துக்கொள்.

அம்மா கடைசியாகக் குழிக்குள் இறங்கியது போன மழைக்கு முந்தின மழையில். இறங்கவே நேரமாயிற்று. ஆளை வைத்துச் செய்யலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கீழே போனதும் பேச்சை ஆரம்பித்தார்.

"எனக்கு அப்புறம் நீங்க தனியா இந்த மோட்டார்ல கை வைக்காதீங்க."

நான் சட்டியை வாங்கிக் கவிழ்த்தேன்.

"மேலே இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மேலே இருக்கறவரும் பேசணும். சட்டம் ரெண்டு பேருக்கும்தான்."

"சரி."

"என்ன சரி?"

"கை வைக்க மாட்டேன்."

"தனியா."

"தனியா கை வைக்க மாட்டேன்."

"பதில் பேச ஆள் இல்லாத வீட்டுல கிணறும் வேண்டாம், குழியும் வேண்டாம். பிள்ளைங்ககிட்ட போயிடுங்க." பிறகு ஒரு சட்டி சேற்றை நீட்டிவிட்டு, "நீங்க நுழையவும் முடியாது, அது வேற விஷயம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு காலையில் தேநீர்க் குவளையை என்னிடம் நீட்டும்போது அம்மாவின் கை தொய்ந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறந்து பார்ப்பார், பேச்சு வரவில்லை. கிணற்றுக்குள் பேச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே இழுக்க என் கையில் கயிறு இல்லை.

மேலே இருப்பவர் பேச வேண்டும் என்பதால் நான் பேசினேன். பேசாத நான் பேசினேன். மல்லிகா, நீ விமானம் பிடித்து வந்து அறைக்குள் நுழைந்தபோது, "அப்பா ஏன் பஸ் ஸ்டாப்பு பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க?" என்று அண்ணனிடம் கேட்டாய். அவனுக்கும் தெரியவில்லை. நான் பென் தானுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஃபூ லாமைத் தவறவிட்டுச் சொன்னால் அம்மாவின் நல்ல பக்கத்து உதடு அசையும். தவறு கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். அதற்காகவே சில தடவை வேண்டுமென்று தவறவிட்டேன். ஒரு மத்தியானம் அன் லாக்கில் இருக்கும்போது அம்மா போய்விட்டார்.

அம்மாவின் அஸ்தியில் ஒரு பங்கை மல்லிகா காரைக்கால் கடலுக்கு எடுத்துப் போனாள். மற்றது பாட்டியின் கலசம் இருக்கும் புத்தக் கோயிலில், பாட்டிக்குப் பக்கத்தில், அம்மாவின் படத்தோடு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

காரியம் முடிந்து சில வாரம் பூ மி ஹங் ஃப்ளாட்டில் செல்வத்தோடு இருந்தேன். மருமகள் என்னைத் தன் தகப்பனாரைப் போல் பார்த்துக்கொண்டாள். குழாயைத் திறந்தால் வெள்ளையாகத் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பின் சானில் அடுப்படியில் நின்றால் கொல்லையிலிருந்து ஒரு குரல் வரும் போலவே இருக்கும். அந்த எதிர்பார்ப்பையாவது விடக் கூடாது என்றுதான் திரும்பிப் போனேன். "பாப்போம்" என்று சொன்னதெல்லாம் அதற்காகத்தான்.

இந்த வருட மழையில் முதல் பெரிய தண்ணீர் வந்தது. மிதவை மறுபடியும் மாட்டிக்கொண்டது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தும், பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மேலே நின்றபடியே மோட்டாரைக் கயிற்றால் தூக்கிச் சுத்தம் செய்து இறக்கினேன். அடுப்படிக்குப் போய்க் கட்டையைச் செருகினேன். என்னை அறியாமல் "போடவா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகு போட முடியவில்லை. பதில் வராமல் ஒருநாளும் போட்டதில்லை. தண்ணீர் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டது. சுவிட்சில் கை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹை அக்காவின் குரல் வந்தது. "போடு."

அவருக்குத் தமிழில் வேறு எந்தச் சொல்லும் தெரியாது. இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு, கேள்வி எது, பதில் எது என்று தெரிந்து வைத்திருக்கிறார். நான் சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் போயிற்று. பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ஹை அக்கா சுவருக்கு மேலே பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கும் வயசாகுது. அடுத்த தடவை நான் தூங்கிக்கிட்டு இருப்பேன்" என்று வியட்நாமியில் சொன்னார். அம்மா குழிக்குள்ளிருந்து சொன்னதும் இதுவும் வேறு வேறு இல்லை என்று அப்போது எனக்குப் பட்டது.

செல்வம், உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் வருகிறேன். அம்மாவை விட்டுவிட்டு வருவதாக நினைத்துத்தான் இத்தனை நாள் வராமல் இருந்தேன். அம்மாவின் சட்டப்படி பார்த்தால், பதில் பேச ஆள் இல்லாத இடத்தில் நான் இருப்பதுதான் தவறு. ஹை அக்காவின் மகன் நம் இடத்தை எடுத்துக்கொண்டு, ரோட்டு மட்டத்துக்கு மண் நிரப்பிக் கட்டப்போகிறான். கிணற்றையும் குழியையும் மூடிவிடுவான். முதலில் அதைக் கேட்டபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது பரவாயில்லை. அதற்குள் இனி யாரும் இறங்க வேண்டியதில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்ட அந்தச் சின்ன நர்ஸ் பெண்ணுக்கும், த்ருவோங் டின் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றி எல்லோருக்கும் சாப்பாடு போட்டவர்களுக்கும், மல்லிகாவோடு கடற்கரைக்கு வந்து கூட நின்ற காரைக்கால் உறவுகளுக்கும் என் வணக்கம். மல்லிகாவின் மாமியார் மாமனார் அவளை உடனே அனுப்பி வைத்ததை நான் மறக்க மாட்டேன். மோட்டார் கம்பி சுற்றும் கடைக்காரர் கடைசியாகச் செய்த வேலைக்குக் கூலி வேண்டாம் என்றார், அவருக்கும் நன்றி. ஹை அக்காவுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் எனக்கே கொடுத்துவிட்டாரே.

இதை எழுதி முடிப்பதற்கு முன், உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வீட்டைப் பூட்டுமுன் அடுப்படியில் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். அம்மாவைப் போலவே துணியால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரையும் கூப்பிடாமல் பஸ் ஏறிப் புத்தக் கோயிலுக்குப் போனேன். பிக்குணி அம்மையார் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, நான் தனியாக இருக்கட்டும் என்று நகர்ந்துவிட்டார். கலசத்துக்குப் பக்கத்தில் பீஸ் கட்டையை வைத்தேன். உள்ளே இருப்பவரிடம்தான் அது இருக்க வேண்டும்.

பிறகு கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின் சான், அன் லாக், ஃபூ லாம், சோ லோன், பென் தான். இந்தத் தடவை அங்கே இறங்கித் திரும்பி வரவில்லை. வேறு பஸ் மாறி, பாலம் தாண்டி, பூ மி ஹங் வரைக்கும் வழியைச் சொன்னேன்.